குப்பம்மாவின் பசி

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் எங்கள் முத்தாபுதுப்பேட்டைப் பங்கு இளைஞர்கள் ஒரு விண்ணப்பத்துடன் என்னிடம் வந்தனர். மாதம் ஒரு பழைய தமிழ்ப்படத்தைப் பங்கு மன்றத்தில் காட்டி, முடிந்தபின் அதைப் பற்றிக் கலந்துரையாட வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். "முதற் படத்தை நீங்களே சொல்லுங்க, ஃபாதர்" என்றார்கள். நான் சற்றும் தயங்காமல் "பசி" என்றேன். அதற்குக் காரணம் உண்டு. அந்தப் படத்திற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் கடன்பட்டிருக்கிறேன். அக்கடனைப் பற்றியதே இக்கட்டுரை.

இளைய தலைமுறையினருக்காக அப்படத்தைப் பற்றிச் சில சொற்கள். 1979-ஆம் ஆண்டு திசம்பர் மாதம் வெளிவந்தது "பசி". இயக்கியவர் துரை. பெரிய நட்சத்திரங்கள் இல்லை, ஆடம்பரம் இல்லை. சென்னைக் குடிசைப் பகுதி ஒன்றில் வாழும் சைக்கிள் ரிக்‌ஷாத் தொழிலாளியின் மூத்த மகள் குப்பம்மா. வீடு நிறையக் குழந்தைகள். உலையில் போட அரிசி இல்லை. தெருத்தெருவாகக் காகிதம் பொறுக்கி விற்று, கிடைப்பதை வீட்டுக்குக் கொண்டுவருகிறாள் அந்தப் பெண். லாரி ஓட்டுநன் ஒருவன் அவளுக்கு உணவு வாங்கித் தந்து பழகி, அவளைத் தாய்மை நிலைக்கு ஆளாக்கிவிடுகிறான். அவன் முன்பே மணமானவன் என்பது பிறகுதான் தெரிகிறது. அந்தக் குடும்பத்தைக் குலைக்கக் குப்பம்மாவுக்கு மனம் வரவில்லை. யாரையும் பழிக்காமல், தன் துன்பத்தைத் தானே சுமந்து, இறுதியில் இறந்துபோகிறாள். கதை அவ்வளவே.

குப்பம்மாவாக நடித்தவர் ஷோபா. சென்னைக் குப்பத்து மொழியை அவர் பேசியதைக் கேட்டால் நடிப்பென்றே தோன்றாது. தந்தையாக டெல்லி கணேஷ். லாரி ஓட்டுநனாக விஜயன். அவ்வாண்டிற்குரிய சிறந்த தமிழ்ப்படம் என்ற தேசிய விருது இப்படத்திற்கும், சிறந்த நடிகை என்ற தேசிய விருது ஷோபாவுக்கும் கிடைத்தன. 1980 மே முதல் நாள், உழைப்பாளரான புனித சூசையப்பரின் திருநாளன்று, ஷோபா உயிர் நீத்தார். வயது பதினேழு. இயக்குநர் துரை 2024 ஏப்ரலில் மறைந்தார். டெல்லி கணேஷும் அதே ஆண்டு நவம்பரில் காலமானார். படம் மட்டும் இருக்கிறது.

குறித்த ஞாயிறு மாலை மன்றத்துச் சுவரில் வெள்ளைத்துணி கட்டினார்கள். எங்கள் பங்கைப் பற்றி அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆவடியை அடுத்து விமானப்படை நிலையம் உள்ள ஊர் இது. படைத்துறைத் தொழிற்சாலைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் பலர் இங்கே குடியிருக்கின்றனர். ஒழுங்கும் நேரந்தவறாமையும் இவர்களுக்கு இரத்தத்தில் ஊறியவை. ஆறு மணி என்றால் ஐந்து ஐம்பதுக்கே நாற்காலிகள் நிறைந்துவிடும். அன்றும் நிறைந்தன.

படம் முடிந்தது. விளக்கைப் போட்டோம். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கனரக வாகனத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு உழைத்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "ஃபாதர், தப்பா எடுத்துக்காதீங்க. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமா மனசு கனத்துப்போச்சு. கஷ்டத்தைத்தான் தினமும் பாக்கறோமே, அதையே படமா எடுத்து என்ன பயன்?" என்றார்.

கல்லூரியில் பயிலும் ஒரு பெண் அதற்கு மறுமொழி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ வேறொரு குறை சொன்னாள். "குப்பம்மா நல்லவ இல்ல ஃபாதர், ஏமாளி. அவனை ஊரறிய நிறுத்திக் கேட்டிருக்க வேணாமா? பொறுத்துப்போற பொண்ணை நல்ல பொண்ணுன்னு காட்டினா, நாங்களும் பொறுத்துப் போகணும்னு ஆயிடாதா?" மறைக்கல்வி கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், வளரும் பிள்ளைகளுக்கு இப்படத்தில் என்ன நற்படிப்பினை இருக்கிறது என்று வினவினார். இளைஞர் ஒருவர், படம் மெதுவாக நகர்கிறது, ஆனால் நடிப்பு உயர்தரம் என்று தீர்ப்பளித்தார். இப்படியே முக்கால் மணி நேரம் சென்றது.

எங்கள் கோவிலைக் கூட்டிப் பெருக்கும் அம்மா மன்றத்தின் வாயிற்படியில் அமர்ந்திருந்தார். நாற்காலிகளை அடுக்குவதற்காகக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். எல்லாரும் ஓய்ந்தபின், யாரையும் பார்க்காமல் சொன்னார்: "எல்லாரும் என்னென்னமோ சொல்றீங்க. அந்தப் புள்ளைக்குப் பசி, சாமி. அத ஒருத்தரும் சொல்லலியே."

மன்றம் அமைதியாயிற்று. படத்தின் பெயரே அதுதானே! அவ்வளவு பெரிய எழுத்தில் திரையில் வந்த சொல்லை முக்கால் மணி நேரமாக எங்களில் ஒருவர்கூட வாயால் உச்சரிக்கவில்லை. இதில் பங்கு மக்களைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. ஏனெனில் இதே பிழையை அவர்களுக்கு முன்பே, அவர்களைவிட விரிவாக, எழுத்திலே செய்தவன் நான்.

அது 1992-ஆம் ஆண்டு. அப்போது நான் குருமாணவன், வயது இருபத்திரண்டு. ஒரு விடுமுறை நாளில் "பசி" படத்தின் ஒளிநாடாவைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார்கள். நாங்கள் நடத்திவந்த கையெழுத்து ஏட்டுக்கு நான்தான் திறனாய்வாளன். அறநெறி இறையியலை அப்போதுதான் படிக்கத் தொடங்கியிருந்தேன். புதிதாகக் கத்தி கிடைத்த சிறுவன் வீட்டிலுள்ள மரச்சாமான்களை எல்லாம் கீறிப்பார்ப்பான் அல்லவா? நான் குப்பம்மாவைக் கீறிப்பார்த்தேன். அவள் செய்தது முழு அறிவோடு செய்ததா, முழுச் சம்மதத்தோடு செய்ததா என்று ஆராய்ந்தேன். இருளை மட்டும் காட்டி ஒளியைக் காட்டாத கலை அரைக் கலையே என்று முடித்தேன். ஆறு பக்கம். அந்த ஆறு பக்கத்தில் பசி என்ற சொல், படத்தின் தலைப்பைக் குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே இருந்தது.

எங்களுக்கு மெய்யியல் கற்பித்த முதிய குரு ஒருவர் அதைப் படித்தார். என்னைக் கண்டிக்கவில்லை. சில வாரங்கள் கழித்து இத்தாலியப் படம் ஒன்றின் ஒளிநாடாவை எங்கிருந்தோ வருவித்து எங்களுக்குக் காட்டினார். அது ஃபெலினி 1954-இல் இயக்கிய "லா ஸ்த்ராதா". "வீதி" என்று பொருள். ஜெல்சொமினா என்ற வெள்ளை உள்ளம் படைத்த பெண்ணை, பத்தாயிரம் லீரா கொடுத்து அவள் தாயிடமிருந்து வாங்கிச் செல்கிறான் தெருவித்தைக்காரன் சம்பனோ. அவள் கோமாளி வேடமிட்டு, மேளம் தட்டி, ஊதுகுழல் வாசித்து அவனோடு ஊரூராக அலைகிறாள். அவன் அடிக்கிறான், அவள் விட்டுப் போவதில்லை. கன்னியர் மடத்தில் ஓரிரவு தங்க நேரும்போது, இங்கேயே இருந்துவிடுகிறாயா என்று ஒரு கன்னி கேட்கிறார். அப்போதும் அவள் அவனோடே செல்கிறாள். இறுதியில் அவள் மனம் சிதைந்த நிலையில் உறங்கும்போது, சம்பனோ அவளை வழியிலே விட்டுவிட்டுப் போய்விடுகிறான். பல ஆண்டுகளுக்குப் பின் அவள் இறந்த செய்தியைக் கேட்டு, இரவில் கடற்கரை மணலில் விழுந்து அழுகிறான்.

அந்தப் படத்தைப் பற்றி எழுந்த பூசலையும் அக்குரு எங்களுக்கு விளக்கினார். வெனிஸ் திரைப்பட விழாவில் அது வெள்ளிச் சிங்கப் பரிசைப் பெற்றபோது இரு கட்சியினரிடையே கைகலப்பே நேர்ந்ததாம். "சினிமா நுவோவோ" இதழின் ஆசிரியர் அரிஸ்தார்க்கோ போன்ற இடதுசாரித் திறனாய்வாளர்கள் அதைச் சாடினர். போருக்குப் பிந்திய இத்தாலியின் வறுமைக்குச் சமூகக் காரணங்களைத் தேடாமல், அதை ஆன்மாவின் கதையாக ஆக்கிவிட்டார் ஃபெலினி என்பது அவர்கள் குற்றச்சாட்டு. கத்தோலிக்கத் திறனாய்வாளர்கள் பலரோ அதில் அருளின் கதையைக் கண்டு போற்றினர். அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கார் விருது போட்டிப் பரிசாக வழங்கப்பட்ட முதல் ஆண்டில், 1957-இல், அதனைப் பெற்றதும் இப்படமே. பிற்காலத்தில், திரைப்படத்தின் நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட நாற்பத்தைந்து சிறந்த படங்களின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், தாம் மிகவும் நேசித்த படங்களுள் ஒன்றாக இதனை 2013-இல் ஒரு நேர்காணலில் குறிப்பிட்டார்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது அம்முதியவர் என் தோளில் கை வைத்தார். "தம்பி, ஒரு கட்சி அவளுடைய ஏழ்மையைப் பார்த்தது. மறு கட்சி அவளுடைய ஆன்மாவைப் பார்த்தது. நீ எழுதியதில் இரண்டுமே இல்லையே" என்றார். நான் தலையசைத்தேன். ஆனால் விளங்கிக்கொள்ளவில்லை. மூளைக்கு எட்டியது நெஞ்சுக்கு எட்ட இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன.

குருப்பட்டம் பெற்றபின் ஒரு பங்கில் துணைப் பங்குக் குருவாக நியமிக்கப்பட்டேன். ஒரு நாள் நண்பகல், பகலுணவு முடித்து நான் ஓய்வெடுக்கப் போகும் வேளை. வாயிலில் இளம்பெண் ஒருத்தி நின்றிருந்தாள். தோளில் சாக்குப்பை. காகிதமும் பாட்டிலும் பொறுக்கி விற்பவள் என்று பார்த்த உடனே தெரிந்தது. தாய்மையுற்றிருப்பதும் தெரிந்தது. கழுத்தில் தாலி இல்லை என்பதையும் கண்டேன். என் கண் எதையெல்லாம் முதலில் கண்டது பாருங்கள்!

அவளை அலுவலக அறையில் நிற்கவைத்து ஏறத்தாழ அரை மணி நேரம் அறிவுரை கூறினேன். உட்காரச் சொன்னேனா என்பது நினைவில்லை. பாவசங்கீர்த்தனத்தைப் பற்றிச் சொன்னேன். திருமணத்தின் மேன்மையைச் சொன்னேன். அந்த ஆணை அழைத்துவந்தால் பேசுகிறேன் என்றேன். "அவரு குடும்பஸ்தரு, சாமி. வேணாம்" என்றாள். தலை குனிந்தபடியே எல்லாவற்றையும் கேட்டாள். நான் சொல்லி முடித்தபின், "கொஞ்சம் தண்ணி கெடைக்குமா, சாமி?" என்றாள்.

சமையற்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் குடித்த வேகத்தைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். நான் படுக்கப் போய்விட்டேன். மாலையில் அவர் என்னிடம் சொன்னார்: "நேத்து ராத்திரியிலேர்ந்து அது ஒண்ணும் சாப்பிடல, சாமி. சோறு போட்டேன். பாதி சாப்பிட்டுட்டு மீதிய இலையில கட்டித் தரச் சொல்லிச்சு. தம்பி இருக்கானாம் வீட்டுல." சற்று நிறுத்தி, "உங்களைத்தான் நல்ல சாமின்னு சொல்லிட்டுப் போச்சு. அவ்வளவு நேரம் நம்மகிட்ட யாரு பேசறாங்கன்னு கேட்டுச்சு" என்றார்.

அன்பர்களே, அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. திரையில் நான் கண்டு, ஆறு பக்கம் எழுதி, அரைக் கலை என்று தீர்ப்பிட்ட குப்பம்மா என் வாயிலுக்கே வந்து நின்றாள். அதே சாக்குப்பை, அதே மௌனம், அடுத்தவன் குடும்பம் குலையக்கூடாது என்ற அதே இரக்கம். இந்த முறையும் அதே திறனாய்வைத்தான் அவளுக்கு நான் வாசித்தேன். பசித்திருந்தேன், உணவு கொடுத்தீர்கள் என்று நம் ஆண்டவர் சொல்லப்போவது அந்தச் சமையற்காரரை நோக்கியே அன்றி என்னை நோக்கி அல்ல. அவள் மறுபடியும் வருவாள் என்று பல நாள் வாயிலைப் பார்த்திருந்தேன். வரவில்லை. அவள் குடியிருந்த இடத்தைத் தேடிச் சென்றேன். அங்கிருந்த குடிசைகளையே அகற்றிவிட்டிருந்தார்கள்.

இதனால்தான் இருண்ட படங்களைப் பற்றிய வழக்கமான குறைகளைக் கேட்கும்போது இப்போது நான் சற்று நிதானிக்கிறேன். துன்பத்தைக் காட்டி என்ன பயன் என்ற கேள்வி புதியதன்று. 1955-இல் சத்யஜித் ரே "பதேர் பாஞ்சாலி"யைத் தந்தார். மறு ஆண்டு கான் விழா அதனைச் சிறந்த மானிட ஆவணம் என்று பாராட்டியது. ஆயினும் 1980-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்ற நடிகை நர்கிஸ், ரே இந்திய வறுமையை அயல்நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறார் என்று குறைகூறினார். நாட்டின் மீதுள்ள பற்றினால் எழுந்த குறை அது என்பதை மறுக்கவில்லை. ஆனால் வறுமை வெளியே தெரிவது வெட்கம் என்றால், வறுமை இருப்பது அதனினும் பெரிய வெட்கம் அன்றோ?

திருச்சபையும் இதைப் பற்றிச் சிந்தித்திருக்கிறது. திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1936-இல் திரைப்படத்தைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் எச்சரிக்கையின் குரலே ஓங்கி நின்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய ஏடு இன்னும் ஓர் அடி முன்சென்றது. தீமையை ஒரு கலைப்படைப்பு எடுத்துக்காட்டுவது, அறநெறிக்கு அடங்கிய முறையில் அமைந்தால், மனிதனை ஆழமாக அறிந்துகொள்ளத் துணைசெய்யக்கூடும் என்று அது ஏற்றுக்கொண்டது. "பசி" அத்தகைய படம். அதில் தீமைக்குக் கவர்ச்சி பூசப்படவில்லை. நன்மைக்குப் பொய்யான பரிசும் தரப்படவில்லை. கடைசிக் காட்சியில் குப்பம்மாவுக்கு ஒரு வேலையும் ஒரு கணவனும் கிடைத்திருந்தால் நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம். அந்த நிம்மதியை இயக்குநர் நமக்குத் தரவில்லை. தர அவருக்கு உரிமையும் இல்லை. ஏனெனில் மன்றத்தை விட்டு வெளியே வந்தால், ஆவடிச் சாலையோரத்தில் இன்றும் சாக்குப்பையோடு பெண்கள் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கல்லூரி மாணவியின் குறையை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். அன்று கூறப்பட்டவற்றுள் மிகக் கூர்மையானது அதுவே. பொறுமையுள்ள பெண் துன்புற்றுச் சாவதைக் கண்டு உருகுவது நம்மவர்க்குப் பழகிய சுகம். கண்ணீர் விட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். சம்பனோ கடற்கரையில் விட்ட கண்ணீர் உண்மையானதுதான். ஆனால் ஜெல்சொமினாவுக்கு அது ஒரு வாய் ரொட்டிக்கும் உதவவில்லை. ஷோபாவை நாடே பாராட்டியது. அந்தப் பதினேழு வயதுக் குழந்தையின் துயரம் அந்தப் பாராட்டினால் தீர்ந்ததா? ஆகவே அம்மாணவியிடம் நான் சொன்னேன்: "அம்மா, குப்பம்மா பொறுத்துப்போனது சரி என்று நான் சொல்லமாட்டேன். அவளிடமிருந்த இரக்கம் நல்லது. அந்த இரக்கத்தில் ஒரு பங்கு மற்றவர்களிடம் இருந்திருந்தால், அவள் பொறுத்துப்போக வேண்டியிருந்திருக்காது. நீ அவளைக் கேட்கும் கேள்வியை அவளைச் சுற்றியிருந்தவர்களிடம் கேள்." அவள் சிறிது யோசித்து, "அப்போ கேள்வி நம்மகிட்டதான் வருது, ஃபாதர்" என்றாள்.

அந்தக் கேள்விக்கு அன்றே முழு விடை கண்டுவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் வின்சென்ட் தே பவுல் சபைக் கூட்டத்தில் அதே பெரியவர், படம் பார்த்து மனம் கனத்தவர், ஒரு யோசனை சொன்னார். நண்பகலில் பங்கு இல்லத்தின் பின்கதவைத் திறந்துவைத்து, வருபவர் யார், எந்த மதம், எந்த நிலை என்று கேளாமல் ஒரு வேளைச் சோறு போடலாம் என்றார். மூன்று நிபந்தனைகள் விதித்தார். படம் எடுக்கக் கூடாது. பெயர் எழுதக் கூடாது. சோறு போடும்போது அறிவுரை சொல்லக் கூடாது. மூன்றாவது நிபந்தனையைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆனாலும் எனக்குப் பொருந்தியது.

இப்போது வாரத்தில் மூன்று நாள் அது நடைபெறுகிறது. பெரிய செயல் அன்று. ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். மழைக்காலத்தில் இன்னும் சிலர். கோவிலைப் பெருக்கும் அம்மாவே பரிமாறுகிறார். சென்ற வாரம் சாக்குப்பையோடு ஓர் இளம்பெண் வந்தாள். நான் வராந்தாவில் நின்றிருந்தேன். என்னைக் கண்டு தயங்கினாள். என் வாயில் பல கேள்விகள் வந்தன. அவற்றை எல்லாம் விழுங்கிக்கொண்டு, குருமாணவனாக இருந்தபோது எழுதத் தவறிய திறனாய்வை அவளிடம் கூறினேன்.

"சாப்பிட்டியாம்மா? உள்ளே வா" என்றேன்.